காற்றை அளந்து அலைக்கு விலை பேசலாமா?

கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தில் பங்கு சேரும்படி யாராவது உங்களிடம் வந்தால், அலையின் சக்தி இத்தனை கிலோவாற் என்று ஒரு கணக்குத்தாளை நீட்டுவார். அந்தத் தொகை கடலில் அளந்து எடுத்ததா, காற்றை வைத்துப் போட்டதா என்று முதலில் கேளுங்கள்.

காற்றை வைத்து அலையைக் கணிப்பது பிழையான வேலையல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் படைகளைக் கரையிறக்குவதற்காக ஸ்வெர்ட்ரப், மங்க் என்ற விஞ்ஞானிகள் இதற்கு வழி கண்டார்கள். காற்றின் வேகம், அது வீசிய நேரம், தடையின்றி வீசிய கடற்பரப்பின் தூரம் ஆகிய மூன்றும் தெரிந்தால் அலையின் உயரத்தை ஓரளவு சொல்லலாம். 1964இல் பியர்சன், மொஸ்கோவிட்ஸ் இருவரும் வட அத்திலாந்திக் அவதானக் கப்பல்களின் பதிவுகளைக் கொண்டு, காற்று நெடுநேரம் வீசி அலை முழுதாக வளர்ந்த கடலுக்கு ஒரு வாய்பாடு தந்தார்கள்.

வியாபாரிக்கு வேண்டிய விஷயம் அதில்தான் இருக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அலையின் உயரம் நான்கு மடங்கு. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் இரண்டு மடங்கு. சக்திக்கு உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, பிறகு நேரத்தாலும் பெருக்க வேண்டும். நானான்கு 16, அதன் இரட்டிப்பு 32. செக்கனுக்கு 5 மீற்றர் காற்றில் ஒரு மீற்றர் அகல அலைக்குச் சுமார் அரைக் கிலோவாற் என்றால், 10 மீற்றர் காற்றில் சுமார் 15 கிலோவாற்.

ஆகவே காற்றில் 10 வீதம் கூட்டி எழுதினால் சக்தி 60 வீதம் கூடிவிடும்! திட்டம் கொண்டு வருபவர் பொய் சொல்ல வேண்டுமென்பதில்லை. காற்றுமானி நின்ற இடமே போதும். இக்கணக்குகளில் வழமையாக எடுப்பது கடல்மேல் 10 மீற்றர் உயரத்துக் காற்று. 50 மீற்றர் கம்பத்தில் காற்று வேகமாக வீசும். அதை அப்படியே போட்டால் இலாபம் ஊதிப்போகும். கரையில் மரங்கள், கட்டிடங்களுக்கு நடுவே அளந்தால் குறைந்து காட்டும்.

எமது தென்கரைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே காற்று ஓய்ந்த நாளிலும் பெரிய அலை வரும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், தென்சமுத்திரப் புயல்கள் எழுப்பிய அலைகள் அவை. 1963இல் மங்க் குழுவினர் அத்தகைய அலைகளை அலாஸ்கா வரை பின்தொடர்ந்து பதிவு செய்தனர். ஹம்பாந்தோட்டைக் காற்றுமானிக்கு இந்த அலைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் கணக்கு குறைவாகவும் வரலாம், பங்கு கேட்பவருக்கே நட்டமாகவும் முடியலாம்.

சோழகமும் வாடையும் கண்ட ஒரு வருட மிதவைப் பதிவையாவது கேளுங்கள். அது கையில் வந்த பிறகு விலை பேசலாம்.