உறையும் மண்ணும் உலரும் மண்ணும்

வளமான மண்ணை ஒரு கைப்பிடி அள்ளினால், அதனுள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கும். உதிர்ந்த இலை, பட்ட வேர், சாணம் ஆகியவற்றை மக்கச் செய்பவை அவையே. அவ்வாறு மக்கும்போது அப்பொருள்களில் உள்ள கரிமத்தின் ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது; மறுபகுதி நுண்ணுயிர்களின் மூச்சாகக் கரியமில வாயு வடிவில் காற்றை அடைகிறது. மண் தன் கரிமத்தைக் காப்பதும் இழப்பதும் இவ்வுயிர்களின் வாழ்வையே பொறுத்துள்ளன.

மண் பனியில் உறைந்து பின் உருகினால் இவ்வுயிர்கள் என்னாகும்? அங்குள்ள கரிமம் என்னாகும்? சாத்தூருக்கு அருகே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடி, உறைபனியை அறியாத ஊர். ஆயினும் இவ்வினாவுக்குரிய விடையின் பாதியை எம் கரிசல் நிலத்திலேயே காணலாம். முதலில் வடபுலத்தையும் பின்னர்க் கரிசலையும் நோக்குவோம்.

நிலை உறைமண்

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ நீர் உறையும் வெப்பநிலையிலோ அதற்குக் கீழோ இருந்துவரும் நிலத்தை ஆங்கிலத்தில் பெர்மாஃப்ராஸ்ட் என்பர். தமிழில் நிலை உறைமண் எனலாம். சைபீரியா, அலாஸ்கா, வட கனடா ஆகிய இடங்களில் இது பெரும்பரப்பில் உள்ளது. நம் நாட்டில் லடாக்கின் உயர்ந்த மலைப்பகுதிகளிலும் உண்டு. இந்நிலத்தின் மேலடுக்கு மட்டும் கோடையில் உருகிக் குளிர்காலத்தில் மீண்டும் உறையும். அதன் அடியிலுள்ள மண்ணில் பெரும்பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உருகாதது. அங்கே புதையுண்ட வேரும் தழையும் முற்றும் மக்காமல் அப்படியே கிடக்கின்றன.

வடபுல உறைமண் பகுதியில் இவ்வாறு தேங்கியுள்ள கரிமம் 1,46,000 கோடி முதல் 1,60,000 கோடி டன் வரை இருக்கும் என அறிவியலறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர். காற்றுமண்டலம் முழுவதிலும் இன்றுள்ள கரிமத்தைப் போல இது ஏறத்தாழ இரு மடங்காகும்.

உறையும்போது நிகழ்வன

மண்ணின் பெரிய துளைகளில் உள்ள நீர் முதலில் பனிக்கட்டியாகிறது. நீரில் கரைந்த உப்புகள் பனிக்கட்டியில் சேர்வதில்லை. எஞ்சியிருக்கும் சிறிதளவு நீரிலேயே செறிகின்றன. ஊறுகாய்ச் சாடியில் உப்பிட்ட மாங்காய் நீர்விட்டுச் சுருங்குவதுபோல, அந்நீரில் வாழும் நுண்ணுயிரும் தன் உடல்நீரை இழந்து சுருங்குகிறது. பனிக்கட்டியின் கூர்முனைகள் சிலவற்றின் மேலுறையைக் கிழித்துவிடுகின்றன. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுவதால் மண்கட்டிகளும் பிளவுபடுகின்றன.

எல்லா உயிர்களும் மடிவதில்லை. சில, குளிரைத் தாங்க உதவும் சர்க்கரைப் பொருள்களை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. சில, மேலுறையின் கொழுப்பு இறுகிவிடாமல் இளக்கமாக வைத்துக்கொள்கின்றன. சில, வித்துப்போல் ஒடுங்கி உறங்குகின்றன. அண்டார்க்டிகாவின் ஷிர்மாக்கர் பகுதி மண்ணிலிருந்து பிரித்தெடுத்த குளிர்தாங்கும் பாக்டீரியம் ஒன்றுக்கு, ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தார் 1992இல் ஸ்பிங்கோபாக்டீரியம் அண்டார்க்டிகஸ் எனப் பெயரிட்டனர். இத்தகைய உயிர்களைப் பற்றிய ஆய்வில் நம் நாட்டினர்க்கும் பங்குண்டு.

உருகும்போது நிகழ்வன

பனி உருகியதும் மடிந்த உயிர்களின் உடற்சாறு மண்நீரில் கலக்கிறது. பிழைத்தவற்றுக்கு அஃது எளிதில் செரிக்கும் உணவு. பிளவுண்ட மண்கட்டிகளுக்குள் மறைந்திருந்த மக்குப்பொருளும் வெளிப்படுகிறது. உணவும் நீரும் ஒருங்கே கிடைப்பதால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுகின்றன. சில நாள்கள் கரியமில வாயு மிகுதியாக வெளியேறுகிறது. உறைதலும் உருகுதலும் பலமுறை அடுத்தடுத்து நிகழ்ந்தால், எளிய உணவு தீர்ந்துபோவதால், இவ்வேகம் பெரும்பாலும் படிப்படியாகத் தணியும்.

உருகிய நீர் வடியாமல் தேங்கினால் நிலைமை வேறு. காற்றுப் புகாத அச்சேற்றில் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் தழைக்கின்றன. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு புவியை வெப்பமூட்ட வல்லது மீத்தேன்.

நம் கரிசல் மண்ணில்

கழுகுமலைச் சமணச் சிற்பங்களைத் தரிசிக்க வந்த வாசகர்கள், வழியெங்கும் பரந்த கரிசல் நிலத்தைக் கண்டிருப்பர். கோடையில் அது பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்றதெனச் சிவகாசித் தொழிலுக்குத் துணைநின்ற அதே வறட்சிதான் காரணம். உறைபனி நீரைக் கட்டியாக்கி உயிர்களிடமிருந்து பிரிக்கிறது; வெயில் நீரை ஆவியாக்கிப் பிரிக்கிறது. நுண்ணுயிர்க்கு இரண்டும் தாகமே. முதல் மழை பெய்ததும், உருகிய பனிநிலத்தில் நிகழ்வதைப் போன்றதே இங்கும் நிகழ்கிறது. அவ்வேளையில் எழும் மண்வாசனையும் ஆக்டினோமைசீட்டு வகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளால் பெரிதும் வருவதே.

கிழக்கு ஆப்பிரிக்க மண்ணை ஆராய்ந்த பர்ச் என்னும் அறிஞர், உலர்ந்த மண் நனையும்போது மக்குதல் விரைவதையும், பயிருக்கு வேண்டிய தழைச்சத்து வெளிப்படுவதையும் 1958இல் விளக்கினார். அவர் பெயராலேயே இது பர்ச் விளைவு எனப்படுகிறது. இவ்விடத்தில் திருக்குறளின் உழவு அதிகாரம் நினைவுக்கு வருகிறது. ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது உலரவிட்டால் ஒரு பிடி எருவும் இன்றிப் பயிர் செழிக்கும் என்பது அங்குள்ள ஒரு குறளின் கருத்து. வள்ளுவர் நுண்ணுயிரைக் கூறினார் என்று நாம் வலிந்து பொருள் கொள்ள வேண்டியதில்லை. உலர்த்தலின் பயனை அக்கால உழவர் கண்டிருந்தனர் என்பதே போதும்.

ஆயின், அடுத்த குறளையும் சேர்த்தே படித்தல் வேண்டும். உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்று அது கூறுகிறது. உலர்ந்து நனைந்த மண் தரும் வளம் புதிதாக வந்த வரவன்று; மண்ணின் சேமிப்பிலிருந்து எடுத்த செலவு. எடுத்ததை எருவாகத் திரும்ப இடாவிடில் சேமிப்புக் கரையும். மானாவாரிக் கரிசல் நிலங்களில் கரிமம் பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஒப்புமையும் வேற்றுமையும்

இரு மண்ணிலும் செலவாகும் முறை ஒன்றுபோலிருப்பினும், ஈடுசெய்யும் முறை ஒன்றன்று. கரிசலின் கணக்கு ஆண்டுதோறும் வரவும் செலவும் உடைய குடும்பக் கணக்கு. இவ்வாண்டு குறைந்ததை வரும் ஆண்டுகளில் தழையாலும் எருவாலும் ஓரளவு நிரப்பலாம். உறைமண்ணின் கரிமமோ பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த வைப்புநிதி. அது வெளியேறினால், நம் பேரர் காலத்திலும் அவர்தம் பேரர் காலத்திலும் மீண்டும் சேராது.

வடதுருவப் பகுதி 1979 முதல் உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளது. இதனால் ஆண்டுதோறும் உறைந்து உருகும் மேலடுக்கு, பல இடங்களில் ஆழமாகி வருகிறது. என்றும் உருகாதிருந்த மண்ணும் உருகுகிறது. வெளியேறும் வாயுக்கள் வெப்பத்தை மிகுவிக்க, அவ்வெப்பம் மேலும் மண்ணை உருக்குகிறது. நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008இல் இந்தியா தொடங்கிய ஹிமாத்ரி ஆய்வு நிலையம், இவ்வடபுல மாற்றங்களை அறியும் முயற்சிகளுள் ஒன்று.

நாம் செய்யத்தக்கவை

நம் சமூகத்தினருள் நிலமுடையோர் பலர். அறுவடைக்குப் பின் தாளையும் சருகையும் எரித்தல் கூடாது. நுண்ணுயிர்க்கு உணவாகி மண்ணில் ஒரு பகுதியேனும் தங்கவேண்டிய கரிமத்தை, தீ சில நிமிடங்களில் காற்றில் கலந்துவிடுகிறது. அதிலுள்ள சிற்றுயிர்களும் மடிகின்றன. தொழுவுரம், தழையுரம், ஆட்டுக்கிடை, கண்மாய்க் கரம்பை ஆகியவை முன்னோர் கைக்கொண்ட வழிகள். நிலமில்லாதோரும் மின்சாரத்தையும் எரிபொருளையும் அளவோடு பயன்படுத்தலாம். சைபீரிய மண்ணை நாம் நேரே காக்க இயலாது. அதனை உருக்கும் வெப்பத்தில் நம் பங்கைக் குறைக்க இயலும்.

மழைக்காலத்தில் உயிர்கள் பெருகும் ஆதலின், அவை மிதிபடாதிருக்க ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாஸ்ய நெறியை நம் துறவியர் போற்றி வருகின்றனர். காலடி மண்ணிலும் உயிருண்டு என்று பழகிய நமக்கு இப்பாடம் கடினமானதன்று.

சிறுவர் சிந்திக்க

1. உறைதலும் உலர்தலும் நுண்ணுயிரை எவ்வாறு ஒரேவகையில் வாட்டுகின்றன?
2. உருகிய நீர் வடிவதற்கும் தேங்குவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. கரிசலின் கரிமத்தை ஈடுசெய்யலாம், உறைமண்ணின் கரிமத்தை ஈடுசெய்தல் அரிது. ஏன்?