கிப்லா பக்கத்து ஜன்னலுக்கு எந்தக் கண்ணாடி?

மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் புதிதாகக் கட்டும் வீடுகளில் மரக்கதவு வைத்த ஜன்னல் அரிதாகிவிட்டது. அலுமினியம் அல்லது யு.பி.வி.சி. சட்டம், அதில் இழுத்துத் திறக்கும் கண்ணாடி. முகப்பில் மாடிப்படியை ஒட்டி மேலிருந்து கீழ்வரை ஒரே கண்ணாடி. வளைகுடாவில் உழைத்து அனுப்பும் பணத்தில் கட்டுகிறவர், கடையில் காட்டும் நிறத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார். அந்த வீட்டில் பகல் முழுக்க இருப்பது உம்மாவும் பெத்தும்மாவும் கைக்குழந்தையும்தான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. வெயிலின் ஆபத்து என்றால் வெளியே வேலை செய்பவர்களைத்தான் நினைக்கிறோம். வயதானவர்களுக்கு மூடிய அறையின் புழுக்கமும் ஆபத்துதான்.

சூரியனிலிருந்து வருவதில் ஏறக்குறையப் பாதிதான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாதாரண வெள்ளைக் கண்ணாடி இரண்டையும் உள்ளே விட்டுவிடும். அவை பட்டுத் தரையும் கட்டிலும் சூடாகும். அந்தச் சூடு திரும்ப வெளியேறப் பார்க்கும்போது அதே கண்ணாடி மறித்துக்கொள்ளும். வெயிலில் நிறுத்திய கார் உள்ளே அடுப்பாவது இதனால்தான். உள்பக்கம் தொங்கவிடும் திரைச்சீலை கண் கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்ட பிறகு அங்கே திரை போட்டு என்ன பயன்? சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்தான் நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலடிக்கு நாலடி ஜன்னல் என்றால் சுமார் ஒன்றரை சதுர மீட்டர். நேர் மேற்கு வெயில் விழும் மாலையில் சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்துக்கொண்டால், அந்த ஜன்னல் மேல் 900 வாட் விழுகிறது. சாதாரணக் கண்ணாடி அதில் சுமார் 80 சதவீதத்தை, அதாவது 720 வாட்டை, உள்ளே விடும். ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு அறையைச் சாத்தி வைத்தது போலத்தான். ஒரு டன் ஏ.சி. சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும். அதன் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே ஜன்னலுக்குப் போய்விடும்.

ஆகவே கண்ணாடி வாங்குமுன் திசையைப் பாருங்கள். நமக்கு மேற்கு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம், தொழுகைக்கு நிற்கும் பக்கம்தான். திருநெல்வேலியிலிருந்து கிப்லா நேர் மேற்கிலிருந்து சற்று வடக்கே விலகியிருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் சூரியன் ஏறக்குறைய அந்தத் திசையிலேயே மறைகிறது. எனவே தொழும் அறையில் கிப்லா சுவரில் பெரிய கண்ணாடி வைப்பவர் அஸர் நேரத்து வெயிலை முகத்துக்கு நேரே வரவழைக்கிறார்.

வடக்கும் தெற்கும் அவ்வளவு சிரமம் தருவதில்லை. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே, 8.7 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அக்னி நட்சத்திரமும் இதற்குள்தான் வருகிறது. ஆனாலும் அது உச்சியில் நிற்பதால் ஒன்றரை அடி சன்ஷேடே நண்பகலில் முழு ஜன்னலுக்கும் நிழல் தந்துவிடும். தெற்கே வெயில் சாய்ந்து விழுவது மார்கழி, தை மாதங்களில். அப்போது அது பெரிய தொல்லையில்லை. மேற்கில் கதை வேறு. மே மாதம் நாலு மணிக்குச் சூரியன் அடிவானிலிருந்து 35 பாகை உயரத்தில்தான் இருக்கும். இரண்டடி சன்ஷேடு போட்டாலும் ஜன்னலின் மேல் ஒன்றரை அடிக்குத்தான் நிழல் விழும். கிழக்கு ஜன்னலுக்கும் காலையில் இதே நிலைதான்.

மேற்கு ஜன்னலை அடைத்துவிடலாமே என்றால், ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றும் அந்தப் பக்கம்தான் வருகிறது. வெயிலை நிறுத்த வேண்டும், காற்றை விட வேண்டும், வீட்டுப் பெண்கள் வெளியே தெரியவும் கூடாது. இந்த மூன்றையும் பழைய மரஜன்னல் ஒன்றாகச் செய்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு கதவு. கீழ்க் கதவைச் சாத்தினால் மறைவு, மேல்கதவைத் திறந்தால் காற்று, வெயில் நேராக அடிக்கும் நேரத்தில் நாலையும் ஒருக்களித்து வைக்கலாம். வசதி இருப்பவர்கள் மேற்குப் பக்கத்துக்கு மட்டுமாவது மரக்கதவு வைப்பதே என் முதல் யோசனை. இழுக்கும் கண்ணாடி ஜன்னல்தான் வேண்டுமென்றால், அதில் பாதிதான் திறக்கும் என்பதை மறக்க வேண்டாம். நாலடிக்கு நாலடியில் எட்டுச் சதுர அடிக்கே காற்று வரும். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில் வீட்டின் உட்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கும் வழிகளாக இருக்க வேண்டும் என்கிறது. ஜன்னல், வெண்டிலேட்டர், வெளியே திறக்கும் கதவு எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

மின்விசிறி போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து வாழும் அறைக்கு விலை உயர்ந்த கண்ணாடி வீண்விரயம், இஸ்ராஃப். திறந்த ஜன்னலில் கண்ணாடி என்ன வேலை செய்யப் போகிறது? இரட்டைக் கண்ணாடியும் அப்படித்தான். உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலையில் பெரிய வித்தியாசம் இருக்கும் குளிர்நாடுகளில்தான் அதன் முழுப் பலன் தெரியும். வெறும் வெள்ளைக் கண்ணாடியை இரண்டாக்கினால் நேர் வெயில் கொஞ்சம்தான் குறையும்.

நல்ல கண்ணாடி தேவைப்படுவது மூடியே இருக்கும் ஜன்னலுக்கு, அதாவது கிழக்கு மேற்கில் உள்ள ஏ.சி. அறைக்கும் திறக்க முடியாத முகப்புக் கண்ணாடிக்கும். அங்கே நிறத்தைப் பார்க்காதீர்கள், இரண்டு எண்களைக் கேளுங்கள். எஸ்.எச்.ஜி.சி. என்பது சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்று காட்டும். வெள்ளைக் கண்ணாடிக்கு அது 0.8-ஐ ஒட்டி இருக்கும். 0.4 உள்ள பூச்சுக் கண்ணாடி போட்டால் மேலே சொன்ன 720 வாட் 360 ஆகும். வி.எல்.டி. என்பது வெளிச்சம். அது 0.3-க்குக் கீழே போனால் பகலிலேயே பிள்ளைகள் விளக்குப் போட்டுப் படிக்க வேண்டியிருக்கும். நம் மாநிலத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் செயிண்ட்-கோபைன் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு ரகத்துக்கும் இந்த எண்களை அச்சிட்டுத் தருகின்றன. அந்தத் தாளைக் காட்டாத கடையில் ‘வெயில் தாங்கும்’ என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்க வேண்டாம்.

வெறும் நிறக் கண்ணாடி வெப்பத்தைத் தானே உறிஞ்சிச் சூடாகி, அதில் ஒரு பகுதியை உள்ளே விடும். பழைய கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் சில சமயம் சூடு ஏறி விரிசல் விடுவதும் உண்டு. டஃபன்டு கண்ணாடி உடைந்தால் ஆளைக் கிழிக்காது என்பதுதான் அதன் பலம், வெயிலைத் தடுப்பதில்லை. அதைப் பிறகு வெட்டவும் முடியாது என்பதால் அளவைச் சரியாகக் கொடுங்கள். சொரசொரப்புக் கண்ணாடி மறைவு தரும், சூட்டைப் பெரிதாகக் குறைக்காது.

முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும் ரிஃப்ளெக்டிவ் ரகத்தைப் பர்தாவுக்கென்றே பலர் வாங்குகிறார்கள். பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாது என்பது உண்மை. மஃரிபுக்குப் பிறகு உள்ளே விளக்குப் போட்டதும் நிலை தலைகீழாகிவிடும். தெருவில் போகிறவருக்கு அறை அப்படியே தெரியும், உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியாது. இரவில் திரைச்சீலை கட்டாயம். நம் குறுகிய தெருக்களில் அதில் பட்டுத் திரும்பும் வெயில் எதிர்வீட்டுக்குள் விழும். அண்டை வீட்டார் உரிமை இதிலும் இருக்கிறது. மாட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாடகை வீட்டிலோ, ஏற்கனவே கண்ணாடி போட்ட வீட்டிலோ இருப்பவர்கள் வெளிப்பக்கம் நிழல் போட்டாலே போதும். மூங்கில் தட்டி, நிழல்வலை எதுவானாலும் சரி. பத்தமடையில் நம் பெண்கள் பாய் நெய்யும் அதே கோரையில் முரட்டு ரகம் கிடைத்தால் அதையும் தட்டியாகக் கட்டலாம். கண்ணாடியோடு ஒட்டாமல் அரை அடி தள்ளிக் கட்டினால் இடையில் காற்று ஓடும். லுஹருக்குப் பின் இறக்கி, மஃரிபுக்குச் சுருட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் அவிழ்த்து உலர்த்தி வைத்தால் அடுத்த கோடைக்கும் வரும்.