ஏழரை யாருக்குத்தான் இல்லை?

இளைஞர் சமயப் பாடம்



செராஸில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் நம் சமய வகுப்பில், 2025-இல் ஒரு தம்பி கேட்ட கேள்வியிலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

ஐந்தாம் படிவ மாணவன். எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவன், அன்று கடைசியில் போய் உட்கார்ந்தான். வகுப்பு முடிந்ததும் பாய் சுருட்ட உதவி செய்துகொண்டே மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, பிள்ளைக்கு ஏழரைச் சனி நடந்தா அது அப்பாவைப் பாதிக்குமா?"

அவன் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். பையன் மேஷ ராசி. ஜாதகம் பார்த்த இடத்தில், "பையனோட சனிதான் அப்பாவைப் படுத்துது" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா இருமினாலே இவனுக்கு உள்ளே பதறுகிறது. கடைசியில் கேட்டான் பாருங்கள்: "நான் வேற எங்கயாவது போய்த் தங்கிட்டா அப்பாவுக்கு நல்லாயிடுமா, அண்ணா?"

"இல்லவே இல்லப்பா" என்று தோளில் தட்டி அனுப்பினேன். ஆனால் ஏன் இல்லை என்பதை விளக்க வேண்டுமே. இதே பயத்தை வெளியில் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் நம்மில் இன்னும் எத்தனை பேரோ! அவர்களுக்காகவே இந்தப் பாடம்.

1. கட்டத்தை எண்ணிப் பார்ப்போம்

ஜோதிடத்தைக் கேலி செய்வது நம் வேலை அல்ல. அது வேதத்தின் ஆறு அங்கங்களில் ஒன்று. வேதத்தின் கண் என்று போற்றுவார்கள். வேள்விக்கும் விரதத்துக்கும் உரிய காலத்தைக் கணிக்கவே அது முதலில் பயன்பட்டது. இன்றைக்கும் தைப்பூசம் எந்த நாள், தீபாவளி எந்த நாள் என்று பஞ்சாங்கம் பார்த்துத்தான் சொல்கிறோம். ஆகவே அந்தக் கணக்கையே கையில் எடுப்போம்.

சனிக்கோள் ஒரு சுற்று வர ஏறத்தாழ 29½ ஆண்டு ஆகிறது. பன்னிரண்டு ராசிக்குப் பிரித்தால் ராசிக்குச் சுமார் 2½ ஆண்டு. மெதுவாக நடப்பவன் என்பதால் வடமொழியில் 'சனைச்சரன்' என்று பெயர். நம் ராசிக்கு முந்திய ராசி, நம் ராசி, அடுத்த ராசி ஆகிய மூன்றிலும் அவர் இருக்கும் காலத்தைக் கூட்டினால் ஏழரை.

இப்போது யோசியுங்கள். எந்த நேரத்திலும் 12 ராசியில் 3 ராசிக்கு ஏழரை நடந்துகொண்டேதான் இருக்கும். ராசிகள் சமமாகப் பரவியிருந்தால், 40 பேர் உள்ள வகுப்பில் 10 பேருக்கு ஏழரை! முப்பது வயதைத் தாண்டியவர் யாரும் அதைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. மங்கு சனி, பொங்கு சனி, மரணச் சனி என்று மூன்று சுற்றுக்கும் நம் பாட்டிமார் பெயரே வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பா, அம்மா, பள்ளி ஆசிரியர், கோயில் ஐயர், ஏன், ஜாதகம் பார்க்கிற ஜோசியருக்கே வந்து போயிருக்கும்.

செவ்வாய் தோஷமும் அப்படித்தான். லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது பொதுவான கணக்கு. பன்னிரண்டில் ஐந்து வீடு. சந்திரனிலிருந்தும் எண்ணினால் இன்னும் கூடும். இதற்காக ஒரு தங்கை தன்னை ஏதோ குறையோடு பிறந்தவளாக நினைத்து அழலாமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி மீன ராசிக்குப் பெயர்ந்தது 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் மாதம். திருநள்ளாற்றுக் கோயில் வாக்கியத்தையே பின்பற்றுகிறது. ஆக, அந்தத் தம்பி என்னிடம் வந்து நின்ற நாளில், ஒரு கணக்கில் அவனுக்கு ஏழரை தொடங்கிவிட்டது. மற்றொரு கணக்கில் தொடங்கவே இல்லை. அப்பாவின் இனிப்புநீர் நோயோ பத்து வருஷத்துக்கு மேல் பழசு!

2. ஒரே நாளில் எல்லா ராசிக்கும்

2020 மார்ச் 18-ஆம் தேதியை மறந்திருக்க மாட்டீர்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். அந்த ஆண்டுப் பலனில் யாருக்கு வெளிநாட்டுப் பயணம் என்று எழுதியிருந்தாலும் சரி, யாருக்குத் திருமண யோகம் என்று இருந்தாலும் சரி, பன்னிரண்டு ராசிக்காரர்களும் ஒரே நாளில் வீட்டுக்குள் அடைந்தோம்.

அதைவிடக் கொடியதை நம் முன்னோர் பார்த்திருக்கிறார்கள். 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்கள் பல்லாயிரம் பேரை அதற்குக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்தவர்கள் ஏராளம். ஒரே தோட்டத்திலிருந்து ஏற்றப்பட்ட அத்தனை பேருக்கும் ஒரே ராசியாகவா இருந்திருக்கும்?

"அது அவங்க விதி" என்று சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொன்னால் சாட்டை எடுத்தவன் தப்பிவிடுவான். கொடுமை செய்தவன் புதிய வினையைச் சேர்த்துக்கொண்டான் என்பதும் நம் சமயம் சொல்லும் செய்திதான்.

3. வினை யாருடையது?

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. பல பிறவிகளில் சேர்த்துவைத்த மூட்டை சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கு என்று எடுத்துக்கொண்டு வந்த பங்கு பிராரத்தம். இப்போது நாம் செய்து, புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம்.

ஜாதகம் ஏதேனும் காட்டுகிறது என்றால், அது பிராரத்தத்தின் நிழலைத்தான் காட்ட முடியும். ஆகாமியம் எந்தக் கட்டத்திலும் இல்லை. இன்று மாலை நீங்கள் அம்மாவிடம் எப்படிப் பேசப் போகிறீர்கள் என்பதை எந்த ஓலையும் எழுதிவைக்கவில்லை.

தம்பியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒவ்வோர் உயிரும் தன் வினையைத்தான் அனுபவிக்கிறது. ஒருவர் வினை இன்னொருவர் தலையில் போய் ஏறாது. வினையும் கோளும் அறிவில்லாத சடம். அவை தாமாக வந்து யாரையும் பிடிப்பதில்லை. உரிய உயிருக்கு உரிய அளவில் கூட்டுவிப்பவன் இறைவன். அந்தப் பெருங்கணக்கில் மகனின் கணக்கைத் தகப்பன் பெயரில் எழுதும் தவறு நடக்குமா?

4. துன்பம் எதற்கு?

'துன்பம் வந்தால் சாமி கோபமாக இருக்கிறார்' என்ற எண்ணம் பலருக்கு உண்டு. இராமபிரான் பிறந்தபோது ஐந்து கோள்கள் உச்சத்தில் இருந்ததாக வால்மீகி பாடுகிறார். பூச நட்சத்திரத்தில் நாள் குறித்துத்தான் முடிசூட்டு விழா ஏற்பாடாயிற்று. ஆனால் அவர் காட்டுக்குப் போனார், 14 ஆண்டு. அவதார புருஷனுக்கே இப்படி என்றால், துன்பத்தை ஒருவருடைய தகுதிக்கு மார்க் போடும் தாளாக எடுத்துக்கொள்ளலாமா?

சிவஞான சித்தியார் ஓர் அழகான உவமை சொல்கிறது. வண்ணான் துணியை வெளுக்கும்போது சாணத்தையும் உவர்மண்ணையும் சேர்க்கிறான். பார்ப்பவருக்கு, அழுக்குத் துணியில் மேலும் அழுக்கைச் சேர்ப்பதுபோல் இருக்கும். ஆனால் பழைய அழுக்கு அதனால்தான் போகிறது. ஆணவம் என்ற பழைய அழுக்கைக் கழுவவே உடம்பையும் அதனோடு வரும் இன்ப துன்பத்தையும் இறைவன் கொடுத்திருக்கிறான்.

அப்பர் சுவாமிகளைப் பாருங்கள். சூலை நோய் வந்து வயிறு முறுக்கியபோதுதான் தமக்கை திலகவதியாரிடம் ஓடி வந்தார். திருவதிகைக் கோயிலில் விழுந்து பாடினார். அந்த வலி இல்லை என்றால் நமக்கு அப்பரும் இல்லை. அதற்காக, வலி நல்லது என்று நோயாளியிடம் போய் உபதேசம் செய்யாதீர்கள்! அப்பருக்குத் திலகவதியார் கொடுத்தது திருநீறு; கேட்காமல் கொடுத்தது அன்பு.

5. மறைக்காட்டில் இரண்டு அடியார்கள்

திருமுறை ஓதும் விழாவுக்காகக் கோளறு பதிகத்தை மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் பலர். அது பிறந்த இடம் திருமறைக்காடு, இன்றைய வேதாரண்யம். மதுரையிலிருந்து மங்கையர்க்கரசியார் திருஞானசம்பந்தரை அழைக்கிறார். உடனிருந்த அப்பருக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே இருப்பவர்களால் ஆபத்து வரும், கோள்நிலையும் சரியில்லை என்று தடுக்கிறார்.

அப்பர் கோழையா? சுண்ணாம்புக் காளவாயில் கிடந்தவர். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டவர். அவர் நாள் பார்க்கச் சொன்னது, அந்தச் சிறுபிள்ளை மேல் வைத்த பாசத்தால். உங்கள் அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் அலைவதும் அதே பாசம்தான். அதைப் பழிக்காதீர்கள்.

சம்பந்தர் பதினொரு பாடல்களில் பதில் சொன்னார். ஒன்பது கோள்களையும், பயணத்துக்கு ஆகாத நட்சத்திரங்களையும், காட்டு விலங்குகளையும், காய்ச்சலையும், வாத பித்தத்தையும் எடுத்துச் சொல்லி, உள்ளத்தில் சிவன் இருக்கும் அடியாருக்கு இவை எல்லாம் நல்லவையே என்றார். கோள் இடம் மாறும் என்று அவர் பாடவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? மதுரையில் அவர் தங்கிய மடத்துக்கே இரவில் தீ வைக்கப்பட்டது என்கிறது பெரியபுராணம். ஆக, பதிகம் பாடிய பிறகும் தொல்லை வந்தது. ஆனால் அவர் பயந்து திரும்பவில்லை. அந்தத் தீயே பாண்டியனுக்கு வெப்பு நோயானபோது, திருநீறு பூசிக் குணமாக்கியவரும் அவரே. துன்பம் வராமல் தடுக்கும் தாயத்தாக மட்டும் பதிகத்தை நினைத்தால், இந்தப் பாதிக் கதை நமக்குத் தெரியாமலே போய்விடும்.

6. நாம் என்ன செய்யலாம்?

சனிக்கிழமை சனீஸ்வரர் சன்னிதியில் விளக்கு ஏற்றுகிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள். பயத்தைக் குறை என்று கேட்பதோடு, பொறுமையைக் கொடு என்றும் கேளுங்கள்.

மருத்துவரிடம் குறித்த நாளை எந்தப் பலனுக்காகவும் தள்ளிப் போடாதீர்கள்.

பரிகாரம் என்று ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்டால், கொடுப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். முதியோர், உடல் ஊனமுற்றோர், உழைப்பாளிகள் ஆகியோருக்கு உதவுவதே சனிக்கு உகந்தது என்று மரபே சொல்கிறது. அதற்குப் பணம் அதிகம் வேண்டாம், நேரம் வேண்டும்.

ஒருவர் கஷ்டத்தைக் கேட்கும்போது "உன் ராசி என்ன?" என்று தொடங்காதீர்கள். "சாப்பிட்டியா?" என்று தொடங்குங்கள். வினைக் கணக்கு நம்மை நாமே திருத்திக்கொள்ள. அடுத்தவரை அளக்க அல்ல.

அந்தத் தம்பி வீட்டை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை தோறும் அப்பாவோடு டயாலிசிஸ் மையத்துக்குப் போகிறான். நான்கு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறான். அவ்வப்போது மெதுவாகப் பதிகம் பாடுகிறான். அடுத்த கட்டிலில் இருக்கும் சீனப் பெரியவருக்குத் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுப்பதும் இவன்தான். அப்பாவுக்கு இன்னும் வாரம் மூன்று முறைதான். ஆனால் வகுப்பில் அவன் மறுபடி முன்வரிசைக்கு வந்துவிட்டான்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் வீட்டில் யாருடைய ராசியையாவது காரணம் காட்டி ஒருவரைப் பழித்தது உண்டா? அவர் மனம் எப்படி இருந்திருக்கும்?

2. அப்பரின் எச்சரிக்கை, சம்பந்தரின் துணிவு. இரண்டும் தேவைப்படும் ஒரு சூழ்நிலையைச் சொல்லுங்கள்.

3. இந்த வாரம் உங்கள் ஆகாமியத்தில் சேர்க்க விரும்பும் ஒரு நற்செயலை எழுதி, அடுத்த வகுப்புக்குள் செய்து முடியுங்கள்.

திருச்சிற்றம்பலம்.