முடிவுறாப் போர்

நுழையும்முன்

போர் ஒரு நாளில் முடிவுக்கு வருகிறது. அதிலிருந்து வீடு திரும்பிய சிலருக்கோ அது உள்ளத்தில் நீள்கிறது. அஞ்சி விலகிய நினைவை மீண்டும் எதிர்கொள்ள, கணினி படைக்கும் காட்சி அவர்களுக்கு எவ்வாறு துணைநிற்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வியட்நாம் போர் 1975ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஆனால், அமெரிக்க வீரர் பலர் அதன்பின்னும் ஹெலிகாப்டர் ஒலி கேட்டால் நடுங்கினர். உறக்கத்தில் அலறி எழுந்தனர். வீட்டாருடன் பேசுவதையும் குறைத்துக்கொண்டனர். இதனைக் கோழைத்தனம் என்று எண்ணியோரும் உண்டு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தச் சீர்குலைவு' இடம்பெற்றது. பெயர் கிடைத்தது சிறிய செய்தியன்று. தாம் கோழையல்லர், நோயுற்றவர் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு சொல் கிடைத்தது.

இந்நோயை நீடிக்கச் செய்வது விலகல். நினைவூட்டும் இடத்தையும் ஒலியையும் தவிர்க்குந்தோறும் அச்சம் அப்போதைக்குத் தணிகிறது. ஆனால், அந்நினைவு இப்போது தீங்கு செய்யாது என்று உள்ளம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் நழுவிப்போகிறது. ஆகவே, பாதுகாப்பான அறையில் சிகிச்சையாளர் உடனிருக்க, நடந்ததைக் கண்மூடி நினைந்து திரும்பத் திரும்பச் சொல்லச் செய்யும் முறை உருவாயிற்று. பலருக்கு அது பயனளித்தது. சிலருக்கோ நினைக்கத் தொடங்கியதுமே உள்ளம் மரத்துப்போனது. செய்தி வாசிப்பதுபோலச் சொல்லி முடித்தனர்.

அத்தகையோருக்கு உதவக்கூடியது மெய்நிகர் உண்மை. 1990களின் பிற்பகுதியில் அட்லாண்டா நகரில் உளவியலாளர் பார்பரா ரோத்பாமும் கணினி அறிஞர் லாரி ஹாட்ஜஸும் தம் குழுவினருடன் 'மெய்நிகர் வியட்நாம்' என்னும் சூழலை அமைத்தனர். உயரத்தைக் கண்டு அஞ்சுவோருக்கு இம்முறை உதவுவதை அவர்கள் 1995இலேயே ஆய்வில் காட்டியிருந்தனர். தலையில் அணியும் கருவிக்குள் இரண்டே களங்கள்: காடு சூழ்ந்த வெட்டவெளி, பறக்கும் ஹெலிகாப்டரின் உட்புறம். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். இன்றைய கணினி விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் அப்படங்கள் மிக எளியவை. ஆயினும், அதில் வரையப்படாதவற்றைக் கண்டதாகக்கூடச் சிலர் கூறினர். எஞ்சியதை நினைவே வரைந்துகொண்டது.

பின்னர், ஈராக் போரிலிருந்து திரும்பியோருக்காகத் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ரிஸோ குழுவினர் 'மெய்நிகர் ஈராக்' சூழலை உருவாக்கினர். பாலைவனச் சாலையில் வண்டி ஓடும்போது அமர்ந்திருக்கும் மேடை அதிரும். டீசலும் எரியும் ரப்பரும் மணக்கும். மழை நனைத்த மண்ணின் மணத்தில் பிறந்த ஊரை நினைத்துக்கொள்பவருக்கு, மணம் ஏன் சேர்க்கப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை.

முதல் நாளே குண்டு வெடிப்பதில்லை. வெறுஞ்சாலை, பிறகு தொலைவில் ஓர் ஒலி, பிறகு புகை என்று ஒவ்வொன்றையும் சிகிச்சையாளரே விசைப்பலகையால் கூட்டுகிறார். 'இப்போது உங்கள் பதற்றம் எவ்வளவு?' என்று இடையிடையே கேட்கிறார். பூச்சியம் முதல் நூறு வரை ஓர் எண்ணை நோயர் சொல்கிறார். அவ்வெண்ணைப் பொறுத்தே காட்சி முன்செல்கிறது, மிகுந்தால் நிற்கிறது. இத்துணைக் கவனம் இல்லையெனில் அதே கருவி பழைய காயத்தைக் கிளறிவிடவும் கூடும். சிலருக்குத் தலைசுற்றலும் ஏற்படும். கண்மூடி நினைவுகூரும் பழைய முறையைவிட இதுவே மேலானது என்று ஆய்வுகள் நிறுவிவிடவுமில்லை.

அமர்வு முடிந்து கருவியைக் கழற்றியபின், இருவரும் எதிரெதிரே அமர்ந்து பேசுகின்றனர்: எதைக் கண்டார், எங்கே மூச்சு முட்டியது, அடுத்த முறை எதுவரை செல்லலாம்.