கட்டற்ற மென்பொருளும் அதனைக் காக்கும் சங்கங்களும்

குற்றாலத்தருவி தன்பால் நீராட வருவாருள் இன்னார் இனையார் என்று வேற்றுமை பாராட்டுவதில்லை. ஆயினும், அந்நீரே சிற்றாறாய்த் தென்காசியைக் கடந்து செல்லுங்கால், அணையும் காலும் குளமும் செவ்வனே அமையாவிடின் வயலுக்கு எட்டாது. அணையைப் பழுது பார்ப்பாரும், மடையைக் காப்பாரும், குளத்தைத் தூர் வாருவாரும் வேண்டும். பொதுப்பொருளுக்குங் காப்பாளர் வேண்டுமென்னும் இவ்வுண்மை கணினித் துறையிலும் விளங்கக் காண்கின்றோம்.

கணினியை இயக்குங் கட்டளைத் தொகுதியே மென்பொருள். மனிதர் எழுதியபடியுள்ள அதன் வடிவத்தை மூலநிரல் என்பர். மூலநிரலை மறைத்து வைத்து விற்பது ஒரு முறை. யாவர்க்கும் அதனைத் திறந்து வைப்பது மற்றொரு முறை. 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் குனு என்னுந் திட்டத்தை அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். எந்நோக்கத்திற்கும் இயக்குதல், ஆராய்ந்து மாற்றுதல், படியெடுத்து வழங்குதல், திருத்திய வடிவை வெளியிடுதல் என உரிமைகள் நான்கு வகுக்கப்பட்டன. விலையின்மையையும் விடுதலையையும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லே குறித்தலால் ஆங்குக் குழப்பம் விளைந்தது. தமிழிலோ இலவசம் வேறு, கட்டறுதல் வேறு, அக்குழப்பம் நமக்கில்லை.

இனி, இச்சங்கங்கள் ஆற்றும் பணிகள் யாவை?

முதலாவது, சட்டக் காவல். 1989-இல் வெளிவந்த குனு பொது உரிமத்தின்படி, திருத்திய மென்பொருளைப் பிறர்க்கு வழங்குவோர் மூலநிரலையும் அதே உரிமைகளையும் உடன் வழங்கல் வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ், மறுவாண்டே இவ்வுரிமத்தின்கீழ் வந்தது.

இரண்டாவது, தொடர்ச்சி. சன் நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் 2010-இல் தன்னுடைமையாக்கியபின், ஓப்பன் ஆபீஸ் என்னும் மென்பொருளை வளர்த்து வந்தோருட் பலர் பிரிந்து, ஆவண அறக்கட்டளையை அமைத்து, லிப்ரே ஆபீஸை வெளியிட்டனர். முதலாளி மாறியும் உழைப்பு வீணாகவில்லை; உரிமம் அதற்கு இடந்தந்தது, சங்கம் அதற்கு இல்லந்தந்தது.

மூன்றாவது, பொருளுதவி. இஃதின்றேல் நேருங் கேட்டினை 2014-ஆம் ஆண்டு காட்டிற்று. இணையத்திற் செல்லும் இரகசியச் செய்திகளை மறையாக்கிக் காப்பது ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருள். 2012-இல் வெளிவந்த அதன் பதிப்பொன்றிற் புகுந்த பிழை, கடவுச்சொற்களையுங் களவாட இடந்தருவதாய் ஈராண்டு வெளிப்படாது கிடந்தது. மூலநிரல் யாவர் கண்ணெதிரேயும் இருந்தது. அதனைக் கண்ணுற்று ஆராயத்தான் ஆளில்லை. உலகமெல்லாம் பயன்படுத்திய அதனைப் பேணினோர் ஒரு சிலரே. நன்கொடையாக வந்ததோ ஆண்டிற்கு ஏறக்குறைய 2,000 டாலரே. அதன்பின்னரே லினக்ஸ் அறக்கட்டளை பெருநிறுவனங்களை ஒன்று கூட்டி நிதி திரட்டிற்று.

நிற்க, நம் நாட்டு நிலையை நோக்குவோம். நம் மலைக்கு அப்பாலுள்ள திருவனந்தபுரத்தில் 2001-இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றது. மலையாள மொழியைக் கணினியில் ஏற்றுதற்கென்றே ஒரு தன்னார்வலர் குழு அடுத்த ஆண்டில் எழுந்தது. தமிழில் இவ்வறிவைப் பரப்பக் கணியம் என்னும் மின்னிதழ் 2012 முதல் உழைத்து வருகின்றது. அதன் வழியில் கணியம் அறக்கட்டளையும் அமைந்தது.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் மென்பொருள் நிறுவனமொன்று இயங்கி வருகின்றது. நம் மாணவருட் பலரும் இத்தொழிலையே நாடுவர். அவர் கட்டற்ற மென்பொருளை நாளும் எடுத்தாளுவர் என்பதில் ஐயமில்லை. திருப்பிக் கொடுப்பரோ என்பதே வினா. கொடுப்பதற்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. கண்ட பிழையை உரியவர்க்கு எழுதலாம். ஆங்கிலக் குறிப்புக்களைத் தமிழாக்கலாம். முதியோர்க்கு விளங்கும்படி செய்முறை எழுதலாம். கூடுமாயின் சிறு தொகையும் அனுப்பலாம். மாணவர்காள்! இவ்வாண்டில் இவற்றுள் ஒன்றையேனும் மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.