கிழக்குக் கிளையை விட்டு வை

ஓசூர்,
மாசி மாதம்.

அன்புள்ள கண்ணுக்குப் பெரியப்பா எழுதுவது.

முழங்கால் வலி தவிர இங்கே எல்லாரும் நலம். நேற்று நீ போனில், பின்கட்டு இலந்தையை வேரோடு எடுத்துவிட்டு ஆப்பிள் இலந்தை வைக்கப் போவதாகச் சொன்னாய். கன்று இரண்டு வாங்கியாயிற்று, ஜேசிபிக்கும் சொல்லியாயிற்று என்றாய். நான் “பொறு” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் லைன் போய்விட்டது. ஊட்டமலையில் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று காட்டு யானைக்குத்தான் தெரியும். அதனால்தான் கடிதம். போனில் சொன்னால் பாதிதான் மனசில் நிற்கும். தாளில் இருந்தால் கத்தியைக் கையில் எடுக்கும்போது இன்னொரு தடவை படித்துக்கொள்ளலாம்.

ஜேசிபிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. உனக்கு ஆப்பிள் இலந்தை வேண்டும், அவ்வளவுதானே? அது அந்தக் கிழட்டு மரத்திலேயே காய்க்கும்.

அந்த மரத்துக்கு யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தபோது, மாவட்டம் முழுக்கத் தென்னை தலை சாய்ந்தது. உன் அப்பன் ஆசையாக வைத்த சப்போட்டாவும் போயிற்று. இலந்தை மட்டும் அடுத்த தையிலும் பழம் கொடுத்தது. ஆணிவேர் அவ்வளவு ஆழம். அப்படி ஒரு வேர் இறங்க எத்தனை வருஷம் ஆகும் என்று யோசி. அதைத் தோண்டி எறிந்துவிட்டு, அதே குழியில் பை மண்ணோடு ஒரு கன்றை வைத்து, தினம் தண்ணீர் ஊற்றப் போகிறாயா?

செய்ய வேண்டியது இது. இந்த மாசிப் பழம் முடியட்டும். பங்குனியில், மரம் இலை கொட்டி ஓய்கிற நேரத்தில், ஆள் வைத்து இடுப்பு உயரத்தில் கிளைகளை அறுத்துவிடு. சாய்வாக அறுக்கச் சொல், வெட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. வெட்டுவாயில் சாணியைக் குழைத்துப் பூசு. ஒரு கிளையை மட்டும் தொடாதே. எது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். சித்திரை மழை ஒன்று விழுந்தால் போதும், அடிமரம் முழுக்கத் துளிர் வெடிக்கும். பார்த்துப் பரவசப்பட்டு எல்லாவற்றையும் விட்டுவிடாதே. நாலு பக்கமும் பரவினாற்போல் நாலைந்து துளிரை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடு. ஆனியில் அவை பென்சில் கனம் வந்திருக்கும். அப்போதுதான் ஒட்டு.

நான் கற்றது சந்தூர்ப் பக்கம், மாங்கன்று ஒட்டும் இடங்களில். மாவுக்குக் குச்சியோடு வைப்போம். இலந்தைக்கு ஒற்றை மொட்டு போதும். நீ வாங்கிய கன்று இரண்டும் வீணாகாது, அவற்றிலிருந்துதான் மொட்டு எடுக்கப் போகிறோம். அந்த வருஷத்துக் குச்சியாக, பச்சை லேசாகப் பழுப்புக்குத் திரும்பியதாக எடு. இலையை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் விடு. மொட்டைச் சுற்றிப் பட்டையோடு ஒரு நகக்கண் நீளத்துக்குச் சீவி எடு. மரத்துத் துளிரில் முள்ளை முதலில் கிள்ளிவிட்டு, பட்டையில் ‘T’ மாதிரி ஒரு கீறல். கத்தி நுனியால் பட்டையைத் தூக்கி மொட்டை உள்ளே நழுவவிட்டு, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்று. மொட்டின் கண் மட்டும் வெளியே தெரியட்டும். சீவுவதற்கும் கட்டுவதற்கும் இடையில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போகாதே. காய்ந்த மொட்டு ஒட்டாது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த இலைக்காம்பை விரலால் தொடு. தொட்டதும் உதிர்ந்தால் பிடித்துவிட்டது. சுருங்கி ஒட்டிக்கொண்டே இருந்தால் போயிற்று. இன்னொரு துளிரில் மறுபடி கட்டலாம். மொட்டு முளைத்து அரையடி வந்ததும் அதற்கு மேலே இருக்கும் நாட்டுத் துளிரை வெட்டிவிட்டு, ஒரு கம்பு நட்டுக் கட்டு. இது முக்கியம். ஆற்றுப் பள்ளத்திலிருந்து ஆடிக்காற்று ஏறி வந்தால் பரிசலே சுழலும், நேற்று ஒட்டிய குருத்து எந்த மூலைக்கு?

ஒட்டுக்குக் கீழே கிளம்புவதை வாரம் ஒருமுறை கிள்ள மறக்காதே. இதில் நான் பட்டிருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாற்றுப் பண்ணையில் பனாரசி ரகம் என்று காசு கொடுத்து வாங்கி வந்து வைத்தேன். ஒட்டு எப்போது பட்டுப்போனது, அடியிலிருந்து நாட்டுச்செடி எப்போது கிளம்பியது, எதையும் கவனிக்கவில்லை. தளதளவென்று வளர்கிறது என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன். மூன்றாம் வருஷம் சுண்டைக்காய் அளவில் பழம் விழுந்தது. உன் பாட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, “இதுக்கு எதுக்குடா காசு கொடுத்தே, காட்டுல கரடி சும்மாத்தான் தின்னுது” என்றாள்.

நீ பார்த்த வீடியோவில் பனியில் மொட்டையாக நின்றதே, அது சீன இலந்தை, வேறு இனம். கடைகளில் சிவப்பாக உலர்த்தி விற்பது அதன் பழம். அதற்குக் குளிர் வேண்டும், நமக்கு ஆகாது. நம்முடையது வெயிலில் தூங்கி மழையில் எழுகிற சாதி. சங்கப் பாட்டில் இதற்கு இரத்தி என்று பெயர், ஊர் மன்றத்திலேயே நின்ற மரம். கீழ்வேளூர்க் கோயிலில் தலமரமும் இதுதான். நம் வீட்டில்தான் கொல்லையில் கிடக்கிறது, போகட்டும்.

காய் எப்போதும் புதுக்குச்சியில், இலைக்கக்கத்தில்தான் வரும். அதனால் வருஷா வருஷம் பழம் முடிந்ததும் கவாத்து செய்தே ஆகவேண்டும். பாவம் பார்த்தால் மரம் ஓங்கிப் போகும், பழம் சிறுத்துப் போகும். மார்கழிப் பனியில் காயின் மேல் வெள்ளையாக மாவு பூத்தால் நனையும் கந்தகம் தெளி. பழத்துக்குள் புழு வந்தால் அது பழ ஈயின் வேலை. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி அழித்துவிடு. கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் சாகும். குரங்குக்கு மருந்தில்லை. ஒகேனக்கல் குரங்கு சுற்றுலாக்காரர் கையிலிருந்தே பறித்துத் தின்கிறது, உன் மரத்தை விடுமா? வேறு சந்தேகம் வந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேள்.

இப்போது அந்த ஒரு கிளை. கிழக்கே கிணற்றுப் பக்கம் சாய்ந்திருப்பது. மற்றக் கிளைகளை எல்லாம் அறுத்த பிறகு வேருக்குச் சோறு போட அதில் துளிர்க்கிற இலைகள் வேண்டும். இலந்தையில் ஒரே ரகம் தனித்து நின்றால் பிஞ்சு சரியாகப் பிடிக்காது. புரட்டாசி, ஐப்பசியில் பூக்கும்போது நாட்டுக்கிளையின் மகரந்தமும் பக்கத்திலேயே இருக்கட்டும். இதெல்லாம் படித்தவர்கள் ஒத்துக்கொள்ளும் காரணம். என் காரணம் இலந்தை வடை. ஆப்பிள் இலந்தை கடிக்க நன்றாயிருக்கும், வெறும் தண்ணீர். அதை உரலில் போட்டால் கூழாகும், வடையாகாது. புளிப்பும் துவர்ப்புமாக இருக்கிற நம் நாட்டுப்பழத்தை அரைக்காய்ச்சலாக உலர்த்தி, காய்ந்த மிளகாய், உப்பு, வெல்லம், பெருங்காயம் சேர்த்து இடித்துத் தட்டினால்தான் அது அது. உன் பாட்டி முறத்தில் காயவைத்ததைத் திருடித் தின்று நீ அடிவாங்கியது எனக்கு நினைவிருக்கிறது, உனக்கு?

ஆனி முதல் வாரம் பஸ் ஏறி வருகிறேன். ஒட்டுக்கத்தி என்னிடம் இருக்கிறது. பாலித்தீன் நாடாவை மட்டும் பென்னாகரத்தில் வாங்கி வை. பங்குனியில் மரம் அறுக்க ஆள் வருகிற அன்று காலையிலேயே அந்தக் கிழக்குக் கிளையில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடு. கூலிக்கு வருகிறவருக்கு எல்லாக் கிளையும் ஒன்றுதான்.

அன்புடன்,
பெரியப்பா