ஃப்ளஷ் பண்ணின தண்ணி எங்க போகுது?

கொட்டிவாக்கத்துல இருந்து ஓ.எம்.ஆர். போகணும்னா பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டணும். பாலம் வந்தாலே கை தானா மூக்குக்குப் போயிடும். அந்த அழுகின முட்டை நாத்தத்துக்குப் பேர் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதை உண்டாக்குறது பாக்டீரியா. ஆனா சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்றதும் பாக்டீரியாதான்! வித்தியாசம் எங்க இருக்கு? ஆக்சிஜன்ல.

நம்ம பக்கத்துல பெருங்குடியில, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி, சென்னைக் குடிநீர் வாரியத்தோட கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கு. இந்த மாதிரி நிலையங்கள்ல முதல்ல கம்பி வலையில குப்பையை வடிகட்டுவாங்க, அப்புறம் மண்ணைப் படிய விடுவாங்க. தண்ணியில கரைஞ்ச அழுக்கு மட்டும் வலையில சிக்காது. அங்கதான் நுண்ணுயிர்கள் வேலை ஆரம்பிக்குது.

பெரிய தொட்டியில காத்தை விடாம ஊதுவாங்க. தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜன் லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் இருந்தா பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அழுக்கைத் தின்னு, கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டு, பெருகிக் கொத்துக் கொத்தா சேரும். அடுத்த தொட்டியில அந்தக் கொத்து சேறா அடியில படியும், தெளிஞ்ச தண்ணி மேல வழியும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அந்தச் சேத்துல ஒரு பகுதியைத் திரும்ப முதல் தொட்டிக்கே அனுப்புவாங்க. தோசை மாவுல பழைய மாவு கொஞ்சம் கலக்குற மாதிரி! 1914-ல மான்செஸ்டர்ல ஆர்டர்ன், லாக்கெட்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சது இது. காத்து மட்டும் ஊதினப்போ அஞ்சு வாரம் ஆன வேலை, சேத்தைக் கொட்டாம சேர்த்து வெச்சப்போ ஒரே நாளுக்குள்ள முடிஞ்சது.

மிச்சச் சேறு காத்து புகாத தொட்டிக்குப் போகும். அங்க வேற வகை நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்கும். சென்னை நிலையங்கள்ல அந்த வாயுவை எரிச்சுக் கரண்ட்டும் எடுக்குறாங்க.

இப்போ நம்ம வீட்டு செப்டிக் டேங்க்குக்கு வருவோம். அதுவும் காத்து புகாத தொட்டிதான். மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உள்ளேயே தேங்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு ஏறிடுச்சுன்னா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது. "நாத்தம் இல்ல, இறங்கலாம்"னு நினைக்கிறவர் சில மூச்சுலயே மயங்கி விழலாம். தூக்க இறங்குறவரும் விழுவார். இந்தச் செய்தியை நாம எத்தனை தடவை படிச்சிருக்கோம்? பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்குறது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம்.

அதனால ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆசிட், மிச்ச எண்ணெய், நாப்கின் எதையும் கக்கூஸ்ல கொட்டாதீங்க. ஆசிட் பாக்டீரியாவைக் கொல்லும், மத்தது குழாயை அடைக்கும். டேங்க் நிறைஞ்சா, வீட்ல யார் என்ன சொன்னாலும், உறிஞ்சுற லாரிதான் வரணும். ஆள் இறங்கக் கூடாது. காரணம் கேட்டா, இப்போ உங்களுக்குச் சொல்லத் தெரியும்.